எர்ணாவூர் சாம்பல் மேட்டில் பேராசிரியர் சுகிர்தம்

நாற்காலி கிடைத்து அமர்ந்திருப்பவர்களே, கிடைக்காமல் வாசல்வரை நெருக்கியடித்து நிற்பவர்களே! மேடையில் இருக்கும் எங்கள் கல்லூரி முதல்வர் கரோலின் அம்மையார் அவர்களே! மறைந்த பேராசிரியரின் உடன்பிறந்த அண்ணன், தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர் தேவப்பிரியம் அவர்களே! எர்ணாவூர் குடியிருப்புப் பெண்கள் சங்கத்தின் தலைவி, தங்கை ராமசெல்வி அவர்களே! பேராசிரியரிடம் படித்த மாணவிகளே, துறைமுகத் தோழர்களே, திருவொற்றியூர்ப் பெருமக்களே! துக்கத்தோடு மட்டும் அல்ல, அடக்க முடியாத ஆத்திரத்தோடும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் பட்டம் பெற்றவர்கள். என் பெயர் பக்தவச்சலம். படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளன். பேராசிரியர் முனைவர் சுகிர்தம் அவர்கள் இருபத்திரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் கழுவித் துடைத்தவன் நான். அந்த உரிமையில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். எழுதித்தான் எடுத்து வந்திருக்கிறேன். நடுவில் நம்ம பாஷை வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேசியவர்கள் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். பொறுமையின் வடிவம் என்றார்கள். யாரைச் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்த சுகிர்தம் மேடம் அப்படி இல்லையே! நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் வளர்த்த மாஸ் தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டேன். மாஸ் என்றால், மழைக்காலத்தில் மதில் சுவரில் பச்சை வெல்வெட் மாதிரிப் படருமே, அந்தச் செடி. குளோரின் தண்ணீர் பட்டு ஆறு மாத ஆராய்ச்சி செத்துப்போனது. கண்ணாடித் தட்டை எடுத்து வீசினார் பாருங்கள்! என் காதுக்கு ஓர் அங்குலம் தள்ளிச் சுவரில் பட்டுச் சிதறியது.

"சவத்து மூதி! கொன்னு போட்டியேல!"

கோபம் வந்தால் அவருக்குத் தகப்பனார் ஊர்ப் பேச்சு வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம். பத்து நிமிடம் கழித்து அவரே துடைப்பம் எடுத்துக் கண்ணாடிச் சில்லைப் பெருக்கினார். "பக்தா, காதைக் காட்டு, பட்டுச்சா?" என்று கேட்டார். அவர்தான் சுகிர்தம்! அடிப்பார், பிறகு காயத்தைப் பார்ப்பார். சாந்தம் என்று சொல்லி அவரைச் சின்னதாக்காதீர்கள்.

அவருடைய முதல் வகுப்பை யாராவது மறக்க முடியுமா? இங்கே இருக்கும் மாணவிகளைக் கேளுங்கள். முதல் நாள் புத்தகத்தைத் திறக்க மாட்டார். எல்லாரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவார். நான் தொட்டியிலிருந்து ஒரு வாளி பச்சைப் பாசியை அள்ளிக்கொண்டு பின்னால் போவேன். ஜூலை வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும்.

"பக்தா, கொட்டு" என்பார்.

கொட்டுவேன். ஐந்து நிமிடத்தில் ஓரம் சுருளும். இருபது நிமிடத்தில் பச்சை போய்ப் பழுப்பாகி, காகிதம் மாதிரி தரையோடு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் சாண்ட்ரா என்ற மாணவி, "பாவம் மேடம், தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டாள். என்ன சொன்னார் தெரியுமா?

"நாப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னால யாரும் ஊத்தலம்மா. குளத்துல கெடந்த பச்சைப் பாசி கரையில ஒதுங்கிச்சு. மேல சூரியன் சுட்டுப் பொசுக்குச்சு. காத்து உறிஞ்சிச்சு. தண்ணியில மிதக்கும்போது இல்லாத கனம் கரையில வந்து அமுக்கிச்சு. கணக்கில்லாம செத்துது. கரைக்கு வந்தது ஊர்வலம் இல்ல, படுகொலை! அதுல தப்பினது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் நாம இங்க படிக்கிறோம்."

அப்புறம்தான் பாடம். எது தப்பியது? உடம்பின் மேல் மெழுகுத் தோல் போர்த்திக்கொண்டது தப்பியது. ஆனால் மெழுகு பூசினால் மூச்சு முட்டுமே? தோலில் துளை போட்டு, வேண்டும்போது திறந்து, வறண்டால் மூடத் தெரிந்துகொண்டது தப்பியது. வேர் என்று ஒன்று வருவதற்கு முன்பே பூஞ்சையைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, பாறையை அமிலம் விட்டுக் கரைத்துத் தின்றது தப்பியது. வம்சத்தைச் சின்னத் தூளாக்கி, வெயில் துளைக்காத கெட்டி ஓட்டுக்குள் பூட்டிக் காற்றில் விட்டது தப்பியது. தண்டுக்குள் குழாயும் மரச்சத்தும் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றது, பக்கத்தில் படுத்துக் கிடந்ததின் வெயிலைப் பிடுங்கிக்கொண்டது. பிறகு விதை! தண்ணீர் இல்லாமலே பிள்ளை பெறலாம் என்று ஆனபிறகு, ஈரத்தை விட்டு மலைக்கும் பாலைக்கும் போனது.

பன்னிரண்டாம் வகுப்புக்காரன் இதையெல்லாம் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கிறீர்களா? இருபத்திரண்டு தடவை கேட்டேன் ஐயா! இருபத்திரண்டு ஜூலை! ஒவ்வொரு தடவையும் மயிர் கூச்செறிந்தது.

இப்படிப்பட்டவர் எர்ணாவூர் சாம்பல் மேட்டுக்கு ஏன் வந்தார்? ராமசெல்விக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

கழிமுகத்தை ஒட்டி, குடியிருப்பின் பின்னால், ஏழு ஏக்கர் நிலக்கரிச் சாம்பல். ஒரு காலத்தில் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். யார் கொட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு கையை நீட்டுவார்கள். காற்று அடித்தால் அறுநூறு வீட்டுக்குள்ளும் சாம்பல். சோற்றில் சாம்பல். தொட்டிலில் சாம்பல். பதினோரு வருடத்துக்கு முன்னால், கழிமுகத்துச் செடிகளைப் பார்க்க நாங்கள் அந்த வழியாக நடந்தபோது ராமசெல்விதான் குறுக்கே வந்து நின்றார். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம்.

"இன்னா மேடம், செடி பாக்க வந்தீங்களா? இத்தப் பாரு மொதல்ல. நெஞ்சுல இன்னா கத்துது கேளு. எம்புள்ள சாம்பலத் தின்னுகினு கீது. உன் படிப்புல இதுக்கு எதுனா கீதா?"

மேடம் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சாம்பல் மேட்டில் ஏறிப்போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். மழைத் தண்ணீர் தேங்கிக் காய்ந்த ஒரு பள்ளம். அதில் கறுப்பும் பச்சையுமாக ஓர் ஆடை படிந்திருந்தது, பாலில் படிகிற ஆடை மாதிரி. ஊதினார். அந்த இடத்தில் மட்டும் சாம்பல் பறக்கவில்லை!

"பக்தா, வந்துட்டாம்ல!" என்று கத்தினார். "கரைக்கு வந்துட்டான்!"

அன்றைக்கு ஆரம்பித்த வேலை அது. நைலான் கயிறு கட்டி, மூலைக்கு ஓர் இரும்புக் கம்பி நட்டு, நாற்பது சதுரம் போட்டோம். மாதா மாதம் போய் எண்ணுவோம், வரைவோம். இரண்டாம் வருடம் ஆடை மேடு முழுக்கப் பரவியது. மூன்றாம் வருடம் மாஸ். ஐந்தாம் வருடம் வெடிப்புக்குள் பெரணி முளைத்தது. சாம்பலில் இருக்கிற ஆர்சனிக் விஷத்தை உறிஞ்சித் தன் இலையிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும் பெரணி! ஆடு வாய் வைத்துவிடக் கூடாது என்று பெண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பிறகு புல். கழிமுகத்துப் பக்கம் உமிரி என்கிற உப்பு மண் செடி. நாற்பத்தேழு கோடி வருடத்தில் நடந்ததை நம் எர்ணாவூரில் பதினோரு வருடத்துக்குள் மறுபடி நடத்திக் காட்டியது இயற்கை. அதைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக எழுதி வைத்தவர் பேராசிரியர் சுகிர்தம்! தூசு அடங்கியது. அந்தக் குழந்தை இன்று ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நெஞ்சில் சத்தம் இல்லை.

அந்த மேட்டின் மேல்தான் லாரி காண்ட்ராக்டர் சுடலைராஜின் கண் விழுந்தது. தோண்டிச் சமன்படுத்திக் கண்டெய்னர் நிறுத்தப் போகிறேன் என்றான். காகிதம் வைத்திருந்தான். காகிதத்தில் அந்த இடத்துக்குப் பெயர் தரிசு. மேடமும் பெண்களும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவனுடைய வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பாசி பிடித்த குப்பை மேடுதானே அம்மா? ஒரு மரம்கூட இல்லையே. இதில் எதைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள்?"

மேடம் எழுந்தார். வீசத்தான் ஒரு தட்டு அகப்படவில்லை!

"ஐயா, இந்த பூமி பூரா ஒரு காலத்துல தரிசுதான். பாறை, மணல், எரிமலைச் சாம்பல். மண்ணுன்னு ஒன்னு கிடையாது. செடி வந்து பாறையைக் கரைச்சுது, செத்துது, மக்கிச்சு. அது மேல இன்னொன்னு முளைச்சுது, அதுவும் செத்துது. அப்படித்தான் மண்ணு வந்துது. நீங்க நிக்கிற மண்ணு செடியோட பொணம். அந்த மேட்டுல இப்ப அதே வேலை நடந்துட்டிருக்கு. மேல இருக்கிற தோலு விரல்கடை கனம்தான். அதை உரிச்சா அடியில இருக்கிற அத்தனை சாம்பலும் அறுநூறு வீட்டுக்குள்ள போகும். குப்பைன்னு சொல்லாதீங்க. அதுக்குத் தோல்னு பேரு!"

தடை கிடைத்தது. தீர்ப்பு வரும்வரை யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று உத்தரவு. நாம் ஜெயித்தோம் என்று நினைத்தோம். எவ்வளவு ஏமாளிகள்!

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. கூட ஆறு பேர், கையில் இரும்புப் பைப். முதல் சதுரத்தில் ஜேசிபியின் பல்லு இறங்கியபோது நான் போய்க் குறுக்கே நின்றேன். "அண்ணே, கோர்ட்டு ஆர்டர் கீது" என்றேன். பைப் என் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இதோ, இந்தக் கட்டு அதுதான். கீழே விழுந்தவனை இரண்டு பேர் மிதித்தார்கள். மேடம் என்ன செய்தார்? ஐம்பத்து நாலு வயதுப் பேராசிரியர், மூட்டு வலிக்காரர், சதுரத்தின் மூலையில் நட்டிருந்த கம்பியைப் பிடுங்கினார். ஜேசிபியின் முன் கண்ணாடியில் ஒரே போடு! கண்ணாடி உடைந்து ஓட்டுநரின் மடியில் கொட்டியது. என்னை மிதித்தவன் அவர் கழுத்தைப் பிடித்தான். அவன் கையைக் கடித்தார். ரத்தம் வரக் கடித்தார். விடவில்லை! அதற்குள் ராமசெல்வியும் பெண்களும் துடைப்பம், குடம், அரிவாள்மனை என்று கையில் அகப்பட்டதோடு ஓடி வந்தார்கள். வண்டியை விட்டுவிட்டு ஓடினானுங்க.

போலீசில் இரண்டு பக்கமும் வழக்குப் போட்டார்கள். பேராசிரியர் சுகிர்தம் மேல் கொலைவெறித் தாக்குதல் என்று வழக்கு! கல்லூரியில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு பேராசிரியை கடிக்கலாமா என்று கேட்டார்கள். மேடம் என்னிடம் சொன்னார்: "கடிச்சது தப்புதான் பக்தா. அந்தக் கையைக் கழுவியிருந்தானோ என்னமோ."

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். அதன்பிறகு இருபத்து மூன்று நாள்தான் அவர் உயிரோடு இருந்தார்.

இனிமேல் எழுதி வந்த தாள் எனக்கு வேண்டாம்.

எனக்குப் பின்னால் இருக்கிற பேனரைப் பாருங்கள். 'லாரி விபத்தில் அகால மரணம்' என்று போட்டிருக்கிறது. பேப்பரில் அப்படித்தான் வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு டிரைவர் சரணடைந்து புழல் ஜெயிலில் இருக்கிறான். ஸ்டேஷன் வாசலில் ஒரு லாரி நிற்கிறது. பக்தவச்சலம் என்கிற ஆள் அந்த நேரத்தில் டீக்கடையில் இருந்தான், எதையும் பார்க்கவில்லை என்று போலீசில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இடது கையால் போட்ட கையெழுத்து. என் கையெழுத்துதான்.

அது பொய்.

நான் டீக்கடையில் இல்லை! அந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேட்டில்தான் இருந்தேன். அறுந்துபோன கயிற்றை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டிருந்தேன். மேடம் முப்பத்தோராவது சதுரத்தில் மண்டியிட்டு லென்சு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலைராஜ் வந்தான். தனியாக வந்தான். கும்பிட்டான்.

"அக்கா, உங்க அண்ணாச்சி அனுப்பித்தான் வந்தேன். நாம ஒரே ஊரு. பேசி முடிச்சுக்கிடுவோம்."

"கோர்ட்டுல பேசு" என்றார் மேடம். "சதுரத்தை விட்டு இறங்கு. உன் செருப்புக்குக் கீழ உசுரு கெடக்கு."

அவன் குனிந்து பார்த்தான். செருப்பை வைத்து, சிகரெட் அணைக்கிற மாதிரி, அந்த மாஸைத் திருகித் திருகி அரைத்தான். அவரைப் பார்த்துக்கொண்டே அரைத்தான். மேடம் எழுந்து அறைந்தார். கன்னத்தில் ஒன்று. சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் திரும்பி நடந்தான். மேட்டு ஓரத்தில் டிப்பர் லாரி ஒன்று ஓடிக்கொண்டே நின்றது. டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். தானே ஏறினான். லாரி மேட்டில் ஏறியது. நான் "மேடம், ஓடு! ஓடு மேடம்!" என்று கத்தினேன். அவர் ஓடவில்லை. பயமுறுத்துகிறான், நின்றால் நின்றுவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு சதுரத்தின் நடுவில் நின்றார். லாரி முகத்துக்கு நேராக வந்தபோது, ரேடியேட்டரை மூடியிருக்கும் முன் சல்லடையில் ஓங்கி அடித்தார். தகரம் உள்ளே போனது. அவர் கீழே போனார்.

முன் சக்கரம் ஏறியது. லாரி நின்றது. பின்னால் வந்தது. மறுபடி ஏறியது.

அம்மாமார்களே, ஐயாமார்களே, விபத்து இரண்டு தடவை ஏறுமா? பிரேக் பிடிக்காத வண்டி பின்னால் வருமா? சொல்லுங்கள்!

நான் எங்கே இருந்தேன்? கேளுங்கள், நீங்கள் கேட்க வேண்டும். நாற்பது அடி தள்ளிக் கருவேலம் புதருக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். வாயெல்லாம் சாம்பல். இரண்டாம் தடவை ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கல் எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. லாரி போனபிறகுதான் எழுந்து போனேன். மேடத்துக்கு முகம் இருந்தது. மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. என் சட்டையைக் கழற்றி மூடினேன். அவ்வளவுதான் இந்த ஆம்பளை செய்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவி ரமாபாய் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் அவள் கையைப் பிடித்து, காய்கிற கல்லுக்கு நாலு விரல்கடை மேலே கொண்டுபோய் நிறுத்தினான். இன்னொருவன் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "நைனா, நீ நேத்து டீக்கடைலதான இருந்தே?"

"ஆமாம்பா" என்றேன். "டீக்கடைலதான் இருந்தேன்."

பத்து நாள் அதையே சொன்னேன். ராயபுரத்தில் அடக்கம் நடந்தபோது ராமசெல்வி என் சட்டையைப் பிடித்து, "கூடவே சுத்துவியே, அன்னிக்கு எங்கய்யா பூட்டே?" என்று கேட்டார். அவரிடமும் டீக்கடை என்றுதான் சொன்னேன். பெரியவர் தேவப்பிரியம் என் கையைப் பிடித்து அழுதார். "நல்லவேளை தம்பி, விபத்துன்னு சொல்லிட்டாவ. சமாதானம் பேசச் சொல்லி நான்தான் அவனை அன்னைக்கு அனுப்பினேன். வேற மாதிரி இருந்திருந்தா நான் என்ன ஆவேன்?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையை எப்படிச் சொல்வது? பொய் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. எனக்கு, என் மனைவிக்கு, பெரியவருக்கு. கொன்றவனுக்கும்!

பதினோராம் நாள் ராமசெல்வி போன் செய்தார். "வா. வந்து பாரு. தோண்டிகினு கீறானுங்க." போனேன். நாலு சதுரம் பள்ளமாகக் கிடந்தது. காற்றில் சாம்பல் எழும்பிக் குடியிருப்பின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு கைக்குழந்தையை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாம்பல் ஏற்ற ஒரு டிப்பர் நின்றது. பளபளவென்று கழுவி விட்டிருந்தார்கள். முன்னால் போய்ப் பார்த்தேன். சல்லடை உள்ளே போயிருந்தது. கம்பி விழுந்த இடம்! ஸ்டேஷன் வாசலில் நிற்கிற லாரி வேறு. கொன்ற லாரி இது. அது நம்ம தெருவில் சாம்பல் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது!

அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பிறகு போனை எடுத்து அந்தச் சல்லடையையும் நம்பரையும் நாலு பக்கமும் படம் பிடித்தேன். இடது கையால்தான் எடுத்தேன். படம் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது.

முதலில் யாரிடம் சொல்வது? பெரியவரிடம்தான். நேற்று முன்தினம் மத்தியானம் அவர் மண்டிக்குப் போனேன். மிளகாய் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தடவையா?" என்றார்.

"ரெண்டு தடவை அண்ணாச்சி."

தராசுக்கல்லை எடுத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். மண்டியில் வேலை செய்கிறவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். ரத்தம் வழிகிற முகத்தோடு சொன்னார்: "நான் அனுப்பினேன்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லு தம்பி. ஒன்னையும் விடாதே. நான் கூட வாரேன்."

அவர் நெற்றியில் இருக்கிற பிளாஸ்திரி என்ன என்று அவர் வந்ததிலிருந்து பார்க்கிறீர்களே, அதுதான்.

இன்று காலை பத்தரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் நீதிமன்றம் போனோம். வாசலில் சுடலைராஜின் ஆட்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒருவன் என் கட்டுப்போட்ட கையைத் தட்டி, "இன்னொரு கை நல்லாக்கீதே நைனா" என்றான். எழுபது வயதுப் பெரியவர் அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு உள்ளே நடந்தார். மாஜிஸ்திரேட் முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் சொன்னேன். புதருக்குள் படுத்தது உட்படச் சொன்னேன். படங்களைக் கொடுத்தேன். நாங்கள் வெளியே வருவதற்குள் லாரியைக் கைப்பற்ற உத்தரவு போனது. மத்தியானம் லாரியைப் பிடித்துவிட்டார்கள் என்று இங்கே வந்தபிறகு தகவல் வந்தது. சுடலைராஜ் அகப்படவில்லை. வீடு பூட்டியிருக்கிறது. எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இந்த மண்டபத்தில் அவனுடைய ஆள் யாராவது உட்கார்ந்திருந்தால் நன்றாகக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லட்டும்.

பேராசிரியர் சுகிர்தம் அவர்களே! உங்களைக் கைவிட்டு ஓடியவன் பேசுகிறேன். மன்னிப்புக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. வேலைக்கு மட்டும் உத்தரவாதம் தருகிறேன். நாற்பது சதுரத்தில் முப்பத்தாறு மிச்சம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணப் போகிறோம். சாண்ட்ராவும் மாணவிகளும் வருகிறார்கள். பெயர் தெரியாத செடி எது வந்தாலும் வரைந்து வைப்பார்கள். தோண்டிய நாலு பள்ளத்துக்கும் புதிதாகக் கயிறு கட்டுவோம். மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம். பதினோரு வருடக் குறிப்புகளையும் முதல்வர் அம்மையார் தன் கையால் தீர்ப்பாயத்தில் கொடுக்கப் போகிறார். ராமசெல்வி தலைமையில் மேட்டில் இரவும் பகலும் மூன்று முறையாக ஆள் மாற்றிக் காவல். யாரையும் நல்லவராக இருக்கச் சொல்லவில்லை. வந்து நில்லுங்கள், அது போதும்.

வழக்கு நடக்கும். வருடக்கணக்கில் நடக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன். மிரட்டினால் சொல்வேன். கையை ஒடித்தால் வாயால் சொல்வேன். இந்தத் தடவை தேடி அலைய வேண்டாம். என் வீடு தண்டையார்பேட்டை, ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம் இரண்டாவது சந்து, கதவு எண் பதினேழு, முதல் மாடி. கீழே இரும்புக் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. கொன்றது சுடலைராஜ். நான் பார்த்தேன்.